பேச்சு முடிந்த மறுநாள்: வாசகர் கேள்வி – பதில்

நம்பிக்கை, தலைமை ஆகியவை பற்றி மேடைப் பேச்சாளர்களிடம் என்ன கற்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்பதுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் தெரு இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிடுகிறோம். அன்றைக்கு நாற்காலி போதாது. கேட்டவர்கள் கண்கலங்கி, ‘நாளையிலேர்ந்து மாறிடுவோம்ணா’ என்கிறார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டால் பழைய ஆறு பேர்தான். பேச்சாளரை மாற்ற வேண்டுமா, எங்களிடம் கோளாறா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பேச்சாளர்மீது பழி வேண்டாம். நல்ல பேச்சு இரண்டு மூன்று நாள் தாங்குகிற சூட்டைத் தரும். அந்தச் சூட்டில் ஏற்றி வைக்க உங்களிடம் பாத்திரம் இல்லை, அதுதான் குறை. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள், பிறகு பேச்சாளரைத் தேடுங்கள். பல மன்றங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

உங்கள் பக்கத்துப் பெரம்பூரே இதற்குச் சாட்சி. 1918 ஏப்ரல் 27-ல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் பேச்சு பி அண்ட் சி மில் தொழிலாளர்களை எழுப்பியது என்று படித்திருப்பீர்கள். ஆனால் அதற்குப் பல ஆண்டு முன்பிருந்தே செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்றை நடத்திவந்தார்கள். தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்து சமயச் சொற்பொழிவு கேட்கிற இடம் அது. ஒருவரை ஒருவர் தெரியும், வராதவரை விசாரிக்க ஆள் உண்டு. ‘சாப்பாட்டு இடைவேளை போதவில்லை’ என்ற குறை அங்கே பேச்சாக வந்தபோது, அதை எடுத்துக்கொண்டு போகக் கால்கள் தயாராக இருந்தன. வெறும் மைதானத்தில் அதே பேச்சைப் பேசியிருந்தால் கைதட்டலோடு கலைந்திருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஆறு பேரும் உட்கார்ந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். ‘சமுதாயத்தை மாற்றுவோம்’ என்பதை யாராலும் செவ்வாய்க்கிழமை மாலை செய்ய முடியாது. ‘பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 12 பேருக்குச் செவ்வாய், வியாழன் மாலை 6.30 முதல் 8 மணி வரை கணக்கு சொல்லிக்கொடுப்பது, மார்ச் வரை’ என்றால் செய்ய முடியும். எந்த இடம், சாவி யாரிடம், டியூப்லைட் எரிகிறதா, முடிந்ததும் பெண் பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது யார் என்பது வரை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை ஒரு வாரம் முன்பே பேச்சாளரிடம் கொடுத்து, ‘கடைசி 5 நிமிடம் இதைப் பற்றிப் பேசுங்கள் அய்யா’ என்று கேளுங்கள். எந்த ஊரிலும் ஒரே பேச்சைப் பேசிவிட்டுப் போகிறவர்தான் இதற்கு முகம் சுளிப்பார்.

பொன்னாடையைப் பேச்சுக்கு முன்பே போட்டுவிடுங்கள். பேச்சு முடிந்த பிறகு நன்றியுரை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ என்று 20 நிமிடம் இழுத்தால் இருந்த சூடு அதிலேயே ஆறிவிடும். பேச்சு முடிந்த கையோடு வாசலில் இரண்டு பேர் நோட்டும் பேனாவுமாக நிற்கட்டும். பெயர், கைபேசி எண், எந்தக் கிழமை வர முடியும், என்ன சொல்லித்தரத் தெரியும் ஆகிய நாலு மட்டும் கேட்டால் போதும். ‘வாட்ஸ்அப் குரூப்பில் சேருங்க’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். குரூப்பில் ஒரு கைதட்டல் பொம்மையைப் போட்டதுமே வேலையைச் செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. பெயர் எழுதியவர் ஒவ்வொருவரையும் மறுநாள் மாலைக்குள் போனில் கூப்பிடுங்கள். முதல் கூடுகை 3 நாளுக்குள் நடக்க வேண்டும். அடுத்த ஞாயிறு என்பதே தாமதம். பத்துப் பேர் பெயர் கொடுத்தால் நாலு பேர் நிலைப்பார்கள் என்று வைத்துத் திட்டமிடுங்கள். நாலு பேரால் நடக்காது என்றால் வேலையைச் சுருக்குங்கள்.

வள்ளலார் உயிர் இரக்கத்தைப் பற்றிப் பேசியதோடும் பாடியதோடும் நிற்கவில்லை. 1867 மே 23-ல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. தினமும் யாரோ விறகு தள்ளுகிறார்கள், யாரோ அரிசி களைகிறார்கள். முறை வைத்து ஆள் வராமல் அது எரியுமா? உங்கள் நோட்டிலும் அந்த முறைப் பட்டியல்தான் முக்கியம்.

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆலய வாலிபர் கூட்டத்தில் ‘விசுவாசம்’ என்ற தலைப்பில் 7 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மைக்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறது, மனப்பாடம் செய்தது மறந்துவிடுகிறது. பெரிய பேச்சாளர்கள் பேப்பர் இல்லாமல் எப்படிப் பேசுகிறார்கள்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பேப்பர் இல்லாமல் பேசுகிறவர்கள் தயாரிப்பு இல்லாமல் பேசுவதில்லை சகோதரி. 1963 ஆகஸ்ட் 28-ல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ‘எனக்கொரு கனவு உண்டு’ என்று பேசினாரே, அந்தக் கனவுப் பகுதி அவர் கையிலிருந்த எழுத்துப் பிரதியில் கிடையாது. பக்கத்தில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், ‘அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று குரல் கொடுக்க, தாளை விட்டுவிட்டுப் பேசினார். வானத்திலிருந்து விழுந்ததுபோல் தெரியும். ஆனால் அதே கனவை அந்த ஜூன் மாதமே டெட்ராய்ட் நகரில் பேசியிருந்தார். சபையில் வாராவாரம் பிரசங்கித்த வாய் அது. பலமுறை சொல்லிப் பழகியதுதான் அந்த நேரத்தில் துணைக்கு வந்தது.

இனி உங்கள் 7 நிமிடம். நிதானமாகப் பேசினால் தமிழில் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரும். பயத்தில் வேகம் கூடும் என்பதால் பலர் நிறைய எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் நேரமாகிவிட்டது என்று மணி அடித்ததும் முடிவைத் தொலைக்கிறார்கள். நீங்கள் 550 சொல்லோடு நிறுத்துங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். வரிசையாக மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவும்போது பின்னால் வருகிற எல்லாமே நழுவும். முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், நடுவில் சொல்லப்போகும் வசனம் ஆகியவை மட்டும் எழுத்துக்கு எழுத்து நினைவில் இருக்கட்டும். மீதியைச் சம்பவமாக நினைவில் வையுங்கள். கதையை யாரும் மறப்பதில்லை.

கல்யாணப் பத்திரிகை அட்டை அளவில் ஒரு கெட்டி அட்டை எடுங்கள். மெல்லிய ஏ4 தாள் நடுங்கும்போது மைக்கில் சரசரவென்று கேட்கும், அந்தச் சத்தம் உங்களையே இன்னும் பயமுறுத்தும். அட்டையில் ஐந்தே வரி, பெரிய எழுத்தில். உதாரணமாக: ‘புயல் ராத்திரி – மாடி வீட்டு அக்கா – ஒரு பானை கஞ்சி – வசனம் – நாளைக்கு நாம்’. ஒவ்வொரு வரிக்கும் எதிரே 1, 3, 4, 5, 7 என்று எத்தனையாவது நிமிடத்தில் அது முடிய வேண்டும் என எழுதுங்கள்.

விசுவாசம் என்றால் என்ன என்று விளக்கத்தில் தொடங்க வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றபோது யாரோ ஒருவர் பயத்தை மீறிச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். யார், எந்த வீடு, எத்தனை மணி, கையில் என்ன இருந்தது? கேட்பவர்கள் அந்தத் தண்ணீரில் நின்றவர்கள், உடனே உங்களோடு வந்துவிடுவார்கள். அவர் பெயரைச் சொல்வதானால் முன்பே அனுமதி கேட்டுவிடுங்கள். ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஒவ்வொருவர் பெயராக அடுக்கினால் ஒன்றரை நிமிடம் போச்சு. ‘எல்லோருக்கும் ஸ்தோத்திரம்’ போதும்.

ஐந்து நாள், நாளுக்கு இரண்டு முறை, நின்றுகொண்டு, குரல் எழுப்பிச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள் கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். ‘வந்து’, ‘ஆக்சுவலா’ எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணினால் தானாகக் குறையும். நடுக்கம் முழுதாகப் போகாது, போக வேண்டியதும் இல்லை. மைக் முன்னால் போனதும் பேசாமல் ஒரு மூச்சை மெதுவாக வெளியே விட்டு, பின்வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் நன்றாக விழுந்துவிட்டால் கை தானே அடங்கும்.

கேள்வி: எங்கள் பஜனைக் கோயிலில் பெரியவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். எங்களைப் போன்ற பதினாறு, பதினேழு வயதுக்காரர்களுக்குச் சுண்டல் கொடுக்கும் வேலைதான். வாய்ப்பு கேட்டால் ‘வயசு வரட்டும்’ என்கிறார்கள்.
– வாசகர், ஏழுகிணறு

பதில்: உங்கள் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் வளர்ந்த ஒரு சிறுவனைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சொற்பொழிவாளரான அண்ணன் சபாபதிப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போக, ‘நீ போய் நாலு பாட்டுப் பாடிவிட்டு வா’ என்று அனுப்பப்பட்டவன், பெரிய புராணத்துக்கு விரிவுரையே சொல்லிக் கூட்டத்தை அசத்தினான் என்று வரலாறு. அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வள்ளலார்.

எல்லோரும் வள்ளலார் ஆகிவிட முடியாது, ஆனால் அவருக்குக் கிடைத்த அந்த நாலு பாட்டு வாய்ப்பை எல்லோருக்கும் கொடுக்கலாம். அதையே கேளுங்கள். ‘பேச விடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் மறுப்பு எளிது. ‘வருகிற சனிக்கிழமை, பாட்டு முடிந்ததும் 3 நிமிடம், இந்த ஒரு பாசுரத்துக்குப் பொருள் மட்டும், முன்கூட்டியே உங்களிடம் சொல்லிக் காட்டுகிறேன் தாத்தா’ என்று கேட்டால் மறுக்க மனம் வராது. சுண்டல் வேலையையும் விடாதீர்கள். யார் வருகிறார்கள், யார் பாதியில் எழுந்து போகிறார்கள் என்பது கொடுக்கிற கைக்குத்தான் தெரியும்.

கேள்வி: 14 பேர் கொண்ட மகளிர் குழுவுக்கு நான் ஊக்குநர். ஐப்பசியில் மொத்தமாகக் கருவாடு வாங்கி வைத்தால் லாபம் என்று நான்தான் சொன்னேன். சரியாகக் காயாத சரக்கு, மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்து 18,000 ரூபாய் நஷ்டம். வியாபாரியைக் குறை சொல்லித் தப்பிக்கலாம். உண்மையைச் சொன்னால் என் பேச்சுக்கு மரியாதை இருக்குமா?
– வாசகி, காசிமேடு

பதில்: இருக்கும். சொல்லாமல் விட்டால்தான் போகும். காசிமேட்டில் யார் எந்தச் சரக்கை எப்போது வாங்கினார்கள் என்பது தெருவுக்கே தெரியும்.

அப்துல் கலாம் தம் பேச்சுகளில் அடிக்கடி சொன்ன பாடம் இதற்குப் பொருந்தும். 1979 ஆகஸ்ட் 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. ஏவும் முன் கணினி தடுத்தும், தொடரலாம் என்று முடிவெடுத்தவர் திட்டத் தலைவரான கலாம். அன்று பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். என் குழுவை நான் நம்புகிறேன் என்றார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் வென்றபோது, பேட்டியை நீங்கள் போய்க் கொடுங்கள் என்று கலாமை அனுப்பிவிட்டார். இரண்டு தேதிக்கும் நடுவே தவறு எங்கே நேர்ந்தது என்று பிரித்துப் பார்த்துச் சரிசெய்த உழைப்பு பதினோரு மாதம் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுப்பேற்பது அழகான வார்த்தையோடு முடிந்துவிடுவதில்லை.

குழுவில் இப்படிச் சொல்லுங்கள்: ‘கருவாடு வாங்கலாம்னு சொன்னது நான். காய்ஞ்சிருக்கான்னு மூட்டையைப் பிரிச்சுப் பார்க்காம எடை போட்டு வாங்கிட்டோம். போனது 18,000. இதோ ரசீது, இதோ கணக்கு.’ அதற்குமேல் அழுகையோ, வீட்டுக் கஷ்டமோ, ‘நல்லதுக்குத்தானே செஞ்சேன்’ என்ற சொல்லோ வேண்டாம். அதைச் சொன்னால் மற்ற பதிமூன்று பேரும் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், நஷ்டத்தைப் பற்றிப் பேச்சே நடக்காது. பிறகு கேளுங்கள், ‘இதை எத்தனை மாசத்துல, யார் யார் எவ்வளவு சரிக்கட்டலாம்?’ முதல் பங்கை நீங்கள் சொல்லுங்கள். முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த கொள்முதலுக்கு ஒரு விதி போடுங்கள்: 2,000 ரூபாய்க்கு மேல் சரக்கு என்றால் மூன்று பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவர்களில் ஒருவர் முதலில் வேண்டாம் என்று சொன்னவராக இருக்க வேண்டும். கருவாட்டை மூட்டையின் நடுவிலிருந்து எடுத்து வளைத்துப் பாருங்கள். முதுகுத் தடிப்பில் அழுத்தினால் மெத்தென்று இருப்பது மழையில் நிற்காது. கூட்டத்தை ஞாயிறு காலையில் வைக்காதீர்கள், அன்று உங்கள் ஆட்கள் பாதிப் பேர் மீன் கடையில் நிற்பார்கள்.

கேள்வி: பிரபலமான ஒரு பேச்சாளரின் கூட்டங்களுக்கு அம்மா போகிறார். ‘முழு நம்பிக்கை இருந்தால் நோய் தீரும், கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும்’ என்கிறார்களாம். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். நம்பிக்கையைக் கெடுக்கிறேன் என்று என்மீது கோபம். நல்ல பேச்சாளரை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே மாத்திரை தந்த மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப் போய், நிறுத்தி எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து அதே அளவில் தொடங்கலாமா என்பதையும் அவரே சொல்லட்டும். அம்மாவிடம் பேச்சாளரைத் திட்டாதீர்கள், அவர் இன்னும் அந்தப் பக்கம்தான் சாய்வார். ‘வடிவுடையம்மனைக் கும்பிட்டுட்டே மாத்திரையும் போடுமா, மருந்துல இருக்கிறதும் அவ கருணைதானே’ என்று சொல்லிப் பாருங்கள். அம்மா எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறாரோ அந்தப் பெயரில் சொல்லுங்கள். நம்பிக்கையோடு மோதினால் வீடுதான் உடையும், அதன் துணையோடு பேசுங்கள்.

இனி அடையாளம். பேச்சாளர் உங்களை எதைச் செய்யச் சொல்கிறார் என்று கவனியுங்கள். உழை, கற்றுக்கொள், மன்னிப்புக் கேள், பக்கத்து வீட்டுக்காரரைப் பார் என்று சொல்பவர் உங்களிடம் ஒரு வேலையைத் தருகிறார். பணம் போடு, மருந்தை விடு, சந்தேகப்படுகிற உறவை ஒதுக்கு ஆகிய மூன்றில் எதைச் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். ‘நடக்கவில்லையே’ என்று கேட்டால் என்ன பதில் வருகிறது என்றும் பாருங்கள். ‘உன் நம்பிக்கை போதவில்லை’ என்றால், அவர் சொல் ஒருநாளும் பொய்க்காதபடி அவரே ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டார் என்று பொருள். பணத்துக்கு எண்ணிட்ட ரசீது, வருட வரவுசெலவு கேளுங்கள்; ஒழுங்காக நடத்துகிறவர்கள் கேட்டதும் எடுத்துக் காட்டுவார்கள்.

சொல்லும் கதைகளையும் சோதிக்க வேண்டும். கழுகு நாற்பது வயதில் மலைக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்து, புது அலகு முளைத்து இன்னும் முப்பது வருடம் வாழும் என்ற கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருப்பீர்கள்! அலகு நம் நகம்போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருப்பது. அதை உடைத்துக்கொண்ட கழுகு இரையைக் கிழிக்க முடியாமல் பட்டினியில் சாகும். சொல்பவர் கெட்டவர் என்று இதற்காகச் சொல்லிவிட முடியாது, யாரோ சொன்னதைச் சொல்கிறார். ஆனால் கழுகைச் சரிபார்க்காதவர் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது ஏன் நம்ப வேண்டும்? நீங்களே மேடை ஏறினாலும், யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்ல முடியாத கதையை ‘ஒரு கதை சொல்வார்கள்’ என்று கதையாகவே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் மூன்று மதத்தவரும் இருக்கிறோம். சங்கத் தலைவர் என்ற முறையில் பேசும்போது என் நம்பிக்கையை மறைக்கவும் விருப்பமில்லை, யாரையும் புண்படுத்தவும் விருப்பமில்லை.
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: தமிழ் உங்களுக்கு ஒரு நல்ல கருவியைத் தந்திருக்கிறது. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே, ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளே. நம்பிக்கையைச் சொல்லும்போது ‘நான்’ அல்லது ‘நாங்கள்’ என்றும், வேலையைச் சொல்லும்போது ‘நாம்’ என்றும் பேசுங்கள். ‘நாங்க ரமலான்ல இப்படிச் செய்வோம். இந்தத் தண்ணித் தொட்டியை நாம சேர்ந்து கழுவுவோம்.’ இடம் மாறினால் இரண்டுமே கெடும். ‘நாம் எல்லோரும் வணங்கும்’ என்று தொடங்கி ஒரு தெய்வத்தின் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் மனசுக்குள் எழுந்து போய்விடுவார்கள். ‘நாங்க தொட்டி கழுவுறோம்’ என்றால் மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11-ல் சிகாகோவில் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சில் அவர் தம் மதத்தை மறைக்கவில்லை. தாம் யார் என்பதைப் பெருமையோடு சொன்னார், மற்றவர் மதத்தைத் தாழ்த்தி ஒரு வரியும் சொல்லவில்லை. பேசியதோ சில நிமிடம்தான். பிறர் மதத்திலிருந்து மேற்கோள் காட்ட ஆசைப்பட்டால், அந்த மதத்தவர் ஒருவரிடம் முதல் நாளே வாசித்துக் காட்டிவிடுங்கள். உச்சரிப்புப் பிழையே போதும், நல்லெண்ணம் மறந்துபோகும்.

கேள்வி: எங்கள் சேவைக் குழுவில் 12 பேர். வாடகைப் பாத்திரம் எடுப்பது முதல் நோட்டீஸ் ஒட்டுவது வரை நானேதான். மற்றவர்கள் ‘சொல்லுங்கண்ணா, செய்றோம்’ என்று நிற்கிறார்கள். உடம்பு தாங்கவில்லை.
– வாசகர், எண்ணூர்

பதில்: பைபிளில் ஒரு காட்சி: காலையிலிருந்து மாலை வரை இஸ்ரவேல் மக்களின் தலைவர் மோசே ஒருவராகவே உட்கார்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ‘நீயும் தளர்ந்துபோவாய், மக்களும் தளர்ந்துபோவார்கள்’ என்றார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று ஆட்களை அமர்த்தி, பெரிய வழக்கு மட்டும் உன்னிடம் வரட்டும் என்றார். எத்தனையோ பிரசங்கிகள் தலைமைக்கு எடுத்துக்காட்டும் பகுதி இது.

‘சொல்லுங்கண்ணா’ என்று அவர்கள் நிற்பதற்குக் காரணம், நீங்கள் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுப்பதுதான். ‘அந்த அண்டாவை எடுத்துட்டு வா’ என்றால் எடுத்துவந்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பார். ‘சாப்பாடு உன் பொறுப்பு. 150 பேர், ஞாயிறு பகல் 12.30, கையில் 9,000 ரூபாய், சந்தேகம் இருந்தால் வெள்ளி ராத்திரிக்குள் கேள்’ என்று முழுதாகக் கொடுங்கள். ஆள், அளவு, நேரம், பணம், கேட்க வேண்டிய கெடு ஆகிய ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் வேலை உங்களிடமே திரும்பி வரும். முதல் முறை சாம்பாரில் உப்பு கூடும். அப்போது கரண்டியைப் பிடுங்கினால் அந்த ஆள் இனி ஒருபோதும் பொறுப்பு எடுக்க மாட்டார். ஆபத்தோ, பணமோ, சிறுவர் பாதுகாப்போ சம்பந்தப்படாத தவறை நடக்க விடுங்கள், மறுநாள் இருவருமாகப் பேசுங்கள்.

மேடையில் இல்லாதவர்களின் தலைமையையும் குழுவுக்குச் சொல்லுங்கள். விவேகானந்தர் அமெரிக்கா போகச் சென்னையில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். பச்சையப்பன் பள்ளி ஆசிரியர், பெரிய சொத்துக்காரர் இல்லை. சிகாகோ மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

கேள்வி: தெருமுனைக் கூட்டத்தில் பேச்சாளர் பேசத் தொடங்கியதும் மைக் கீச்சிடுகிறது. பின்னால் நிற்பவர்களுக்கு ஒன்றுமே புரியவில்லை.
– வாசகி, பெரம்பூர்

பதில்: ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போவதால்தான் கீச்சு. பெட்டிகள் இரண்டும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பேச்சாளருக்குப் பின்னால் பெட்டி வைத்தால் எந்த ஆபரேட்டராலும் காப்பாற்ற முடியாது. பெட்டியைத் தரையில் வைத்தால் முன்வரிசைக்காரர் உடம்பே சத்தத்தைத் தடுத்துவிடும், நிற்பவர் தலைக்கு மேலே ஸ்டாண்டில் ஏற்றுங்கள். மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கட்டும். தள்ளிப் பிடித்தால் சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், கூட்டினால் கீச்சிடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

1897 பிப்ரவரியில் சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா ஹாலில் உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே திரண்டபோது, விவேகானந்தர் வெளியே வந்து ஒரு வண்டியின்மேல் ஏறிப் பேசினார். மைக் இல்லாத காலம், இரைச்சலில் தொடர முடியவில்லை. இந்த உற்சாகம் அணையாமல் இருக்கட்டும் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டார். உங்கள் ஸ்பீக்கர் கெட்டாலும் அதையே செய்யுங்கள்: மூன்று வாக்கியம், நன்றி, அடுத்த தேதி. காவல் நிலைய அனுமதியை முன்பே வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் 9.30-க்கே முடிக்கும்படி நிகழ்ச்சியை அமையுங்கள்.

கேள்வி: கேட்கும்போது எல்லாம் நல்ல கருத்தாகத் தெரிகிறது, வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவில் இல்லை. எப்படிக் குறிப்பு எடுப்பது?
– வாசகி, ராயபுரம்

பதில்: சொன்னதையெல்லாம் எழுதாதீர்கள், கை ஓடும்போது காது நின்றுவிடும். பேச்சு நடக்கும்போது ஒற்றைச் சொற்கள் மட்டும் போதும்: ‘தவான்’, ‘அடுப்பு’, ‘நாம்’. முடிந்து வீடு வந்ததும், சாப்பிடும் முன்பே 10 நிமிடம் உட்கார்ந்து அந்தச் சொற்களை வைத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள். சொன்னது என்ன, அதில் எனக்கு ஒப்பாதது என்ன, நான் செய்யப்போவது என்ன. இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், அதை எழுதத் தெரிந்தவருக்குத்தான் மற்ற இரண்டும் தெளிவாக வரும்.

பிறகு சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஏழு தாள் தள்ளி, எட்டாவது தாளில் அந்த மூன்றாவது வாக்கியத்தைப் பேனாவால் எழுதிவிட்டு மூடிவிடுங்கள். எட்டாம் நாள் காலை, ராகுகாலம் பார்க்கப் போகும் வீட்டில் யார் கண்ணிலாவது அது படும். ‘இது யார் எழுதுனது, செஞ்சாச்சா?’ என்று கேட்பார்கள்.